பிறந்தநாளா, நினைவு நாளா

மே 4, ஞாயிறு. கோவில்பதாகை.

வெயில். அப்படி ஒரு வெயில். தைப்பிங்கில் எவ்வளவு காய்ந்தாலும் சாயங்காலம் ஒரு மழை வந்து கழுவிவிட்டுப் போகும். இங்கே ஆறு மணிக்கும் சுவர் சுடுகிறது. இன்றுதான் அக்கினி நட்சத்திரம் ஆரம்பமாம். ஆட்டோக்காரர் ஏதோ திருவிழா சொல்கிற மாதிரி சொன்னார்.

சென்ட்ரலிலிருந்து ஆவடி வரை மின்சார ரயிலில் நின்றுகொண்டே. பெட்டி கனம். பாதிப் பெட்டி பிள்ளைகளுக்கு: வண்ணப் பென்சில், கதைப் புத்தகம், தலைமுடி ரப்பர், மிட்டாய். மிட்டாய் உருகி ரப்பரோடு ஒட்டிவிட்டது. புத்திகெட்டவள், மே மாதத்தில் யாராவது சாக்லேட் கொண்டு வருவார்களா.

ஆட்டோக்காரர்: "மலேசியாவா மேடம்? தமிழ் சூப்பரா பேசறீங்களே!" ஏர்போர்ட்டிலிருந்து இது மூன்றாவது ஆள். வேறு எதில் பேசுவேனாம்.

பிள்ளைகள் இல்லம் ஏரிப் பக்கம், தெருக்கோடி. பெண் பிள்ளைகள் மட்டும். மாடியில் எனக்கு ஓர் அறை. மின்விசிறியில் சத்தம் உண்டு, காற்று இல்லை. கொசு உண்டு.

வார்டன் தேவகி. நாற்பது இருக்கும். அப்பா ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். வேகமாகப் பேசுகிறாள், வேகமாக நடக்கிறாள். கோடை லீவு என்பதால் முக்கால்வாசிப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்களாம். அம்மா, மாமா, பெரியப்பா, யாரோ ஒருவர் வந்து கூட்டிப் போயிருக்கிறார்கள். "மிச்சம் இருக்கறது கூட்டிட்டுப் போக ஆள் வராததுங்க மேடம். பகல் பூரா என்ன பண்றதுன்னு தெரியாம சுத்தும். அதுங்களுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன்."

வீட்டுக்காரர் சேகருக்கு வந்து சேர்ந்தேன் என்று செய்தி போட்டேன். "சரி" என்று ஒரு வார்த்தை. கோபம் தீரவில்லை.

இங்கேயாவது உள்ளதை எழுதலாம். சமூக சேவை ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். என் மகள் மீனா இருந்திருந்தால் வியாழனன்று வயது இருபத்தேழு. போன நவம்பரில் காய்ச்சல் என்று படுத்தாள், ஒரு வாரம் தாங்கவில்லை. அவள் இல்லாமல் வரும் முதல் பிறந்தநாள். வீட்டில் இருந்தால் அண்ணி, நாத்தனார், பக்கத்து வீடு எல்லாம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரும். கட்டிப் பிடிக்கும். "மனசத் தேத்திக்கோ." கடையில் விற்றால் வாங்கித் தேற்றிக்கொள்ள மாட்டேனா.

"நீ ஓடுற பார்வதி" என்றார் சேகர். ஓடுகிறேன்தான். அவர் அழுவதுமில்லை, ஓடுவதுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார். அதற்கு ஓடுவது மேல்.

மே 5, திங்கள். முதல் நாள்.

காலையிலேயே வேர்வை. குழாயடியில் பிள்ளைகள் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். இருபத்தைந்து வருஷம் பாலர் பள்ளி நடத்தியவளுக்கு என்ன பயம் என்று போனேன். பயமாகத்தான் இருந்தது.

"எல்லாரும் பசியாறிட்டீங்களா?" என்றேன். அவ்வளவுதான், சிரிப்பு. இருப்பவர்களில் பெரியவள் ரேவதி, எட்டாவது முடித்தவள். "இன்னா ஆன்ட்டி, சாமி படத்துல பேசற மாதிரி பேசறீங்க?" காலைச் சாப்பாட்டை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம் என்றால் நம்பவில்லை. அப்புறம் நாள் முழுக்க அதே. காக்காயிடம் பசியாறிட்டியா, குழாயிடம் பசியாறிட்டியா. கேட்டுக்கொண்டு திரிந்தது ஜோதி.

ஜோதி: ஏழு வயது. இருப்பதில் சின்னவள். முன் பல் இரண்டும் இல்லை. பேனுக்காக முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். வாய் மட்டும் ஊரளவு. என் பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. முதல் கேள்வியே இதுதான்: "நீங்க இன்னாத்துக்கு வந்துகீறீங்க ஆன்ட்டி? பொறந்தநாளா, நினைவு நாளா?"

புரியவில்லை. ரேவதி விளக்கினாள். வெளி ஆட்கள் வந்தால் இரண்டில் ஒன்றுக்குத்தான் வருவார்களாம். வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் இங்கே ஒருவேளைச் சாப்பாடு போடுவார்கள். பிரியாணி, கேக். பிள்ளைகள் பாட்டுப் பாட வேண்டும். செத்தவர்களுக்கு நினைவு நாள் என்றால் வடை, பாயசம். நாற்காலியில் போட்டோ வைத்து மாலை போட்டு, ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்க வேண்டும். "ரெண்டுமே நாங்க நல்லா பண்ணுவோம் ஆன்ட்டி." பெருமையாகத்தான் சொன்னாள்.

சும்மா உங்களோடு இருக்க வந்தேன் என்றேன். ஜோதி நம்பாமல் பார்த்தாள்.

மத்தியானமே ஒன்றைப் பார்த்தேன். அம்பத்தூரிலிருந்து ஒரு குடும்பம், அப்பாவின் நினைவு நாள். பிள்ளைகள் வரிசையாக நின்று கண்ணை மூடி "அன்னாரின் ஆன்மா சாந்தியடைய வேண்டுகிறோம்" என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். மூடிய கண் திறந்தது நேரே வடையில். இறந்தவரின் மகன் தேம்பி அழுதார். பின்னால் இரண்டு குட்டிகள் கிசுகிசு: "இவரு நல்லா அய்வுறாரு. போன வாரம் வந்த அண்ணன் அய்வவே இல்ல." சிரிப்பு வந்தது. சமையலறைக்குப் போய்விட்டேன்.

சமையல் அமுலு. கையைக் காலை ஆட்ட வேண்டுமே என்று "தண்ணி கலக்கட்டுமா?" என்றேன். "எதுலமா கலக்கப் போற, சாம்பாருலயா?" என்று முறைத்தாள். டீ போடுவதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம் என்று அவளிடமும் ஒரு விளக்கம். இந்த ஊரில் நான் தமிழ் பேசுவதற்கே உரை எழுத வேண்டும்.

இனி எழுத வேண்டியது. சாயங்காலம் படம் வரையச் சொல்லி உட்கார வைத்திருந்தேன். வாசலில் ஒரு கரும்பலகை, அதில்தான் யார் சாப்பாடு என்று எழுதுவார்கள். வியாழன் காலி என்று தேவகி சொன்னாள். நான் தருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. தேவகி சாக்பீஸை எடுத்தாள். "பொறந்தநாளா, நினைவு நாளா மேடம்? எதுன்னு சொன்னாதான் சாப்பாடு சொல்ல முடியும்."

எல்லாக் குட்டியும் நிமிர்ந்து என் வாயைப் பார்க்கிறது.

"பிறந்தநாள்" என்றேன்.

பொய் இல்லையே. மே எட்டு அவள் பிறந்தநாள்தானே. அதை யாரும் மாற்ற முடியாதே.

"ஏய்ய், பிரியாணி!" ஒரே கூச்சல். யாருக்கு ஆன்ட்டி? என் மகளுக்கு. பேரு இன்னா? மீனா. அக்கா வர்றாங்களா? மலேசியா தூரமாச்சே. ஜோதி விடவில்லை: "பிளேன் கீது இல்ல? ஏறி குந்திகினா வந்துடாது?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. அக்காவுக்கு என்ன பிடிக்கும்? தட்டில் கேரட்டை ஒதுக்கி வைப்பாள். தும்மினால் தெருவே திரும்பிப் பார்க்கும். பூனை என்றால் உயிர், நாய் என்றால் ஓட்டம். சொல்லச் சொல்லக் கேட்டார்கள். ஆறு மாதமாக அவள் பேரை எடுத்தாலே எதிரே இருப்பவர் முகம் மாறும், தரையைப் பார்ப்பார்கள். இதுகள் முகம் மாறவில்லை. இந்த வராந்தாவில் ஒரு மணி நேரம் என் பிள்ளை உயிரோடு இருந்தாள். இனித்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், இனித்தது.

தேவகியிடம் நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மே 6, செவ்வாய்.

மின்சாரம் இல்லை. தண்ணீர் லாரி வரவில்லை. பிள்ளைகளுக்கு வேர்க்குரு. ஐஸ் வைத்துத் தேய்த்தால் நல்லது, ஐஸுக்கு எங்கே போவது.

சொல்லத்தான் போனேன். "தேவகி, வியாழக்கிழமை பத்தி ஒண்ணு..." அந்த நேரம் பார்த்து லாரி வந்தது. குடம், வாளி, ட்ரம் எல்லாம் வாசலுக்கு ஓடியது. "அப்புறம் சொல்லுங்க மேடம்!" அப்பாடா என்றிருந்தது. கோழை.

தண்ணீர் பிடித்து முடித்து மூச்சு வாங்கியபோது தேவகியே பேச்செடுத்தாள், ஜோதியைப் பற்றி. அவள் அம்மாவுக்குப் பாடி என்கிற இடத்தில் ஏதோ கம்பெனி கேன்டீனில் வேலையாம். அப்பா கிடையாது. போன லீவுக்கு மாம்பழப் பையோடு வந்து கூட்டிப் போனாளாம். இந்த வருஷம் வரவில்லை. மார்ச்சிலிருந்து போன் ஸ்விட்ச் ஆஃப். ஆள் விட்டுப் பார்த்திருக்கிறார்கள், வீட்டைக் காலி செய்து போய்விட்டதாகப் பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். எங்கே, என்ன ஆனாள், யாருக்கும் தெரியாது. "இருக்காளா இல்லையான்னே தெரியல மேடம். புள்ளகிட்ட இன்னான்னு சொல்றது? வருவாங்கன்னுதான் சொல்லி வெச்சிருக்கோம்."

ஜோதியின் துணிப்பை கட்டியபடியே கட்டிலின் கீழே இருக்கிறது. அதைத்தான் காலையில் நான் அழுக்குத் துணி என்று பிரிக்கப் போய் அவளிடம் திட்டு வாங்கினேன்.

வியாழனுக்கு ஏற்பாடு மும்முரம். ஜிகினாத்தாளை நாற்காலியில் சுற்றுகிறார்கள். இங்கே ஒரு முறை இருக்கிறது: பிறந்தநாள்காரர் கேக் வெட்டி, முதல் துண்டை இருப்பதில் சின்ன பிள்ளைக்கு ஊட்ட வேண்டும். அதுவரை யாரும் தட்டைத் தொடமாட்டார்கள். "இப்ப நான்தான் சின்னவ. அக்கா எனக்குதான் ஊட்டணும்" என்கிறாள் ஜோதி.

"ஜோதி, அக்கா வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"லேட்டா வந்தா பரவால்ல ஆன்ட்டி. நாங்க வெயிட் பண்ணுவோம். எங்களுக்குப் பழக்கம்தான்."

இதற்கு மேல் எப்படிச் சொல்ல.

மே 7, புதன்.

அமுலுவோடு ஆவடி மார்க்கெட். வாங்கியது: பலூன், வாழையிலை, எலுமிச்சை, வெங்காயம் (அமுலு கடைக்காரரோடு சண்டை), ஜோதிக்கு ஒரு கவுன். பிரியாணி சொல்லியாயிற்று. கேக் கடையில் பேர் கேட்டார்கள். மீனா. மெழுகுவத்தி வயசு நம்பர் போட்டு வேணுமா? வேண்டாம் என்றேன். வாசல் வரை வந்து திரும்பிப் போய் வாங்கினேன். ஒரு இரண்டு, ஒரு ஏழு.

பஸ்ஸில் அமுலு: "கொடுத்து வெச்ச பொண்ணுமா. அது எங்கியோ கீது, நீ இங்க வந்து அதுக்கோசரம் சோறு போடற." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சேகர் கூப்பிட்டார். அவரே கூப்பிட்டது அதிசயம்.

"நாளைக்கு என்ன பண்ணப் போற?"

"பிள்ளைங்களுக்குச் சாப்பாடு."

"அவ பேர்லயா?"

"ஆமா."

"அங்க சொல்லிட்டியா?"

சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகத்தான் கேட்டது.

மே 8, வியாழன்.

எழுதிவிட்டுப் படுத்தால்தான் ஆகும்.

காலை. பிள்ளைகள் எல்லாம் தலைக்குக் குளித்து, யார் யாரோ யார் யார் பிறந்தநாளுக்கோ கொடுத்த கவுனைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். கரும்பலகையில் ரேவதி பூ வரைந்து எழுதியிருந்தாள்: மீனா அக்காவுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். எழுத்து அவ்வளவு அழகு. ஜோதி விடிந்ததிலிருந்து கேட்டில். ஆட்டோ சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறாள். எனக்குப் புரிந்தது, அவள் மீனாவுக்காக மட்டும் அங்கே நிற்கவில்லை.

மத்தியானம். பிரியாணி வந்தது. இலை போட்டு, பரிமாறி, எல்லாரும் உட்கார்ந்தார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு. ஒரு குட்டியும் தொடவில்லை. ஜிகினா நாற்காலி காலியாக இருக்கிறது. முன்னால் கேக், மெழுகுவத்தி.

தேவகி வந்தாள். "மேடம், அக்கா வீடியோ கால்ல வர்றாங்களா? அமெரிக்காவுல இருக்கற பிள்ளைங்களுக்கெல்லாம் அப்படித்தான் பண்ணுவோம். போன குடுங்க, நாற்காலில வெச்சுடலாம்." உடனே இதுகளும்: "வீடியோ கால்! வீடியோ கால்!" தட்டுகிற கை, குதிக்கிற கால். "கூப்புடுங்க ஆன்ட்டி, பசிக்குது!"

போன் என் கையில். திரையில் அவள் படம், பூனையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறாள். நான் யாரைக் கூப்பிடுவேன்? எந்த நம்பருக்கு? அவள் நம்பர் இன்னும் இருக்கிறது, அழிக்கவில்லை. பைத்தியம் மாதிரி ஒரு கணம் அதை அழுத்தப் போனேன். சத்தியமாகப் போனேன்.

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. குழந்தைகள் பசியோடு என் பிள்ளைக்காகக் காத்திருக்கிறார்கள்.

"மீனா வரமாட்டா" என்றேன். "செத்துட்டா."

இந்த வார்த்தையை நான் இதுவரை சொன்னதில்லை. போயிட்டா, இல்லை, தவறிட்டா, இப்படித்தான் எல்லாரிடமும். இங்கே நேராக வந்து விழுந்தது.

தேவகி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ரேவதி எழுந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. கரும்பலகைக்குப் போய், பூவையும் வாழ்த்தையும் உள்ளங்கையால் துடைத்துவிட்டு, "மீனா அக்கா நினைவு நாள்" என்று எழுதினாள். இன்னொருத்தி நாற்காலியிலிருந்து ஜிகினாத்தாளைக் கழற்றினாள். ஒருத்தி வந்து என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கி, நாற்காலியில் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து நிறுத்தினாள். படம் அணைந்து அணைந்து போக, தொட்டுத் தொட்டு எழுப்பினாள். அமுலு தன் கொண்டையிலிருந்து மல்லிகையை எடுத்து அதன் முன் வைத்தாள். அவ்வளவு பேருக்கும் என்ன செய்வதென்று தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

வரிசையாக நின்றார்கள். கண்ணை மூடினார்கள். மீனா அக்காவின் ஆன்மா சாந்தியடைய வேண்டுகிறோம். நானும் மூடினேன். ஆறு மாதத்தில் அவளுக்காக மூடியது இதுதான் முதல் தடவை. மூடியதும் வந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த முகம் இல்லை, நல்ல முகம்.

திறந்தபோது எல்லாரும் இன்னும் மூடியிருந்தார்கள், ஜோதியைத் தவிர. அவள் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கோபம். ஏமாந்த கோபம்.

ஏதோ ஒரு குட்டிக் குரல்: "கேக்கு?" தேவகி முறைத்தாள். "நினைவு நாளுக்கு கேக் வெட்ட மாட்டாங்கடி" என்றாள் ரேவதி. வெட்டலாம் என்றேன், அவள் பிறந்ததும் இன்றுதானே. நானே வெட்டினேன். முதல் துண்டை ஜோதிக்கு நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை. கையில் வாங்கி இலையோரம் வைத்துக்கொண்டாள்.

மற்றவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். எனக்கும் பசித்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன், மூக்கும் வாயும் ஒன்றாக. அமுலு பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். "அய்துடுமா. அய்துகினே துன்னு." மனசைத் தேத்திக்கோ என்று அவள் சொல்லவில்லை.

சேகரைக் கூப்பிட்டேன். சொல்லிட்டேன் என்றேன். "என்னன்னு?" செத்துட்டான்னு. அந்தப் பக்கம் அவர் அழுகிற சத்தம். வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே 9, வெள்ளி.

கொஞ்சம் மேகம். மழை வராது என்கிறாள் அமுலு.

தேவகியிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம், நானும் அம்மாதானே" என்றாள். மே முடிகிறவரை இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜோதி காலையிலிருந்து பேசவில்லை. பசியாறிட்டியா என்று நான் கேட்டதற்கும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் படம் வரைய, அவள் மாடிப்படியில் தனியே. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நகர்ந்து உட்கார்ந்தாள். அந்த மட்டும் எழுந்து போகவில்லை.

"நீங்க பொய் சொன்னீங்க" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"ஆமா. தப்புதான்."

"வருவாங்கன்னு சொல்லிட்டு வராட்டி எப்டி கீது தெரியுமா?"

தெரியும் என்றேன். தெருவில் கேஸ் வண்டி தட்டிக்கொண்டே போனது.

"நேத்து நீ ஏன்டா கண்ணை மூடல? அக்கா மேல கோவமா?"

இல்லை என்று தலையாட்டினாள். கால் கட்டைவிரலால் படியைத் தேய்த்தாள். பிறகு, ரகசியம் மாதிரி:

"கண்ண மூடுனா எனக்கு எங்கம்மா மூஞ்சி வருது ஆன்ட்டி. எப்ப மூடுனாலும் அதான் வருது. செத்தவங்களுக்கு மூடறப்போ எங்கம்மா மூஞ்சி வரக் கூடாது இல்ல?"

வரக் கூடாதுதான் என்றேன்.

"அதான் நான் மூடறதே இல்ல."